நோய் நீங்குவது நூல் எடுப்பதைப் போல

நோய் வருவது மலை சரிவதைப் போல. நோய் போவது பட்டு நூலை இழுப்பதைப் போல. இது சீன மக்களிடையே வழங்கும் பழமொழி. முதற்பகுதி எளிதில் விளங்கும். நேற்றுவரை சிப்காட்டில் இரவுப் பணி பார்த்தவர் இன்று படுத்துவிட்டால், குடும்பத்தின்மீது மலையே சரிந்தது போலத்தான். இரண்டாம் பகுதிதான் சிந்திக்க வைக்கிறது. மெதுவாக நடப்பவை எத்தனையோ இருக்க, ஏன் பட்டு நூல்?

விடை நம் ஊரிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போர் பலர். ஒரு பட்டுக்கூட்டில் இருப்பது அறுபடாத ஒரே இழை. நல்ல கூட்டில் அது ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளம் இருக்கும். கூட்டை வெந்நீரில் இளக்கி, இழையின் நுனியைத் தேடிப் பிடித்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறும், பாதியில் விட்டால் கூடு வீண். ஆக, பழமொழி நம்மை வெறுமனே காத்திருக்கச் சொல்லவில்லை. இடைவிடாமல் இழுக்கச் சொல்கிறது.

காசநோய்க்கு இது மிகவும் பொருந்தும். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் 4 மருந்துகள், அடுத்த 4 மாதம் 3 மருந்துகள். சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும். ‘உடம்பு தேறிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?’ என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அவற்றுள் சில உறங்குவதுபோல் ஒடுங்கிக் கிடக்கும். அவையும் அழியும்வரை மருந்து வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்கு மசியாததாகவும் மாறலாம்.

இழை அறுந்தால் நூல் எடுப்பவர் கூட்டை எறிவதில்லை; நுனியைத் தேடி மீண்டும் இணைக்கிறார். மாத்திரை தவறிவிட்டால் மறைக்காமல் வந்து சொல்லுங்கள். நீங்களாக இரட்டிப்பாக விழுங்க வேண்டாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தின் இயல்பு. கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே வாருங்கள். வேலை மாறிப் பெங்களூருக்கோ சொந்த ஊருக்கோ செல்வோர் முன்கூட்டியே தெரிவித்தால், நிக்ஷய் பதிவெண்ணைக் கொண்டு அங்குள்ள அரசு மையத்திலேயே இலவச மருந்தைத் தொடரலாம்.

பழமொழியில் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். மலை சரியுமுன் மண் உதிரும். 2 வாரத்துக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவை அந்த மண். அப்போதே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

உடனிருப்போருக்கு ஒரு சொல். மலை சரிந்த நாளில் ஓடி வருவோர் பலர். ஐந்தாம் மாதத்தில் ‘மாத்திரை போட்டாயா?’ என்று கேட்பவர் பெரும்பாலும் ஒருவரே. அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.