திறந்த வாயிலுக்குக் காவல்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முன்னோர் மொழி. ஆயின் அத்துரும்பு மோட்டார் எஞ்சினுள் வீழுமாயின், உதவிக்கு மாறாகப் பெருங்கேடு விளைத்துவிடும். எஞ்சின் ஓடுங்காலத்து அதனைக் காக்கக் காற்று வடிகட்டியும் எண்ணெய் வடிகட்டியும் உள. பழுதுபார்க்கும் பொருட்டு நாமே அதனைத் திறந்து வைக்குங்காலத்தோ, நம் கவனமன்றி வேறு காவல் இல்லை. காற்றுக் குழாயின் காஸ்கெட்டை மாற்றும் வேலையைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஸிலிண்டர்கட்குக் காற்றைப் பங்கிட்டுச் செலுத்தும் உறுப்பு இன்டேக் மானிபோல்டு எனப்படும். அது ஸிலிண்டர் தலையோடு பொருந்துமிடத்தில், கசிவு நேராதவாறு இடையே வைக்கப்படுவதே காஸ்கெட்டு. அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டு வெளிவந்த ஷெவர்லே எட்டு ஸிலிண்டர் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் ஸிலிண்டர்கள் நந்நான்காக இரு வரிசையில், ஆங்கில 'வி' எழுத்தைப் போலச் சாய்ந்து நிற்பன. அவ்வரிசைகளின் இடையேயுள்ள பள்ளத்திற்குக் கூரையாவதும் மானிபோல்டே. ஆதலின் அதனை எடுத்த மாத்திரத்தில் இருவகை வாயில்கள் திறக்கின்றன. ஒன்று, ஸிலிண்டர்கட்குச் செல்லும் காற்றுத் துளைகள். மற்றொன்று, டாப்பெட்டுகள் அமைந்த பள்ளம்.

காற்றுத் துளையில் ஒரு நட்டு விழுந்து, வால்வும் திறந்திருக்குமாயின், அது பிஸ்டனின் தலைமேற் சென்று சேரும். பிஸ்டன் முழுதும் உயர்ந்த நிலையில் அதற்கும் ஸிலிண்டர் தலைக்கும் உள்ள இடைவெளி சிற்சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவே. அங்கே நட்டுக்கு இடமேது? பிஸ்டன் உடையும், வால்வு வளையும்.

பள்ளத்தில் விழும் பொடியின் கேடு இதனினும் வஞ்சகமானது. அஃது எண்ணெய் வடியும் துளைகளின் வழியே அடித்தொட்டியை அடைந்து, பம்பினால் இழுக்கப்படும். வடிகட்டி பம்பிற்குப் பின்னரே இருத்தலின், பம்பு முதலில் தேயும். குளிரால் எண்ணெய் தடித்திருக்கும்போது வடிகட்டியின் மாற்றுவழி திறந்து, வடிகட்டப்படாத எண்ணெயும் பேரிங்குகட்குச் செல்லும். பேரிங்கிற்கும் கிராங்க் ஷாப்டிற்கும் இடையேயுள்ள வெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கே. மெல்லிய பேரிங்கிற் பதிந்த பொடி, ஷாப்டை அரம்போல் அறுக்கும்.

பழைய காஸ்கெட்டைச் சுரண்ட, விரைவை விரும்பிச் சுழலும் தேய்ப்புத் தட்டைப் பயன்படுத்துவோர் பலர். அத்தட்டிலுள்ள அலுமினியம் ஆக்ஸைடு, கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் 9 எனக் குறிக்கப்படும், வைரமோ 10. இத்தட்டுகளால் பேரிங்குகள் அழிதல் கண்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தாரே தம் பணிமனைகட்கு எச்சரிக்கை விடுத்துள்ளனர். சில நிமிடம் மிச்சப்படுத்தப் போய் எஞ்சினையே இழத்தல் அறிவுடைமையாகாது.

இனிச் செய்யும் முறையைக் கூறுவோம். முதலாவது, மானிபோல்டை அசைக்குமுன் அதன் வெளிப்புறத்து மண்ணையும் பிசுக்கையும் துடைத்து நீக்குக. ஊதுகாற்று இந்நிலையில் மட்டுமே தகும்; திறந்த பின் ஊதுதல், குப்பையை உள்ளே செலுத்துதலேயாம். இரண்டாவது, குளிர்நீரை வடித்துவிடுக. இன்றேல் அது பள்ளத்தில் வழிந்து எண்ணெயோடு கலக்கும். மூன்றாவது, மானிபோல்டை எடுத்தவுடனே ஒவ்வொரு துளையிலும் நூல் பிரியாத தூய துணியை அடைத்து, பள்ளத்தையும் துணியால் மூடுக. பஞ்சுக் கழிவு ஆகாது. அடைத்த துணிகளை எண்ணிச் சுவரிலே எழுதி வைக்க. நான்காவது, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாகச் சுரண்டி, உதிர்வதை உறிஞ்சு கருவியால் அவ்வப்போது எடுத்துவிடுக. கம்பித் தூரிகை வேண்டா. அதன் மயிர் உதிரும். ஐந்தாவது, துணிகளை மடித்தவாறே மெல்ல எடுத்து எண்ணுக; விளக்கொளியில் துளைதோறும் நோக்குக. மானிபோல்டைப் பூட்டிய பின் எண்ணெயையும் வடிகட்டியையும் புதிதாக மாற்றுதல் நலம்.

யாம் தொழில் பயின்ற காலத்து நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிப்போம். ஒரு நாள் மாலை எஞ்சினை மூடுந்தறுவாயில் வாஷர் ஒன்று குறைந்தது. வண்டிக்கு உடையவர் வாயிலிற் காத்திருந்தார். "தரையில் எங்கேனும் கிடக்கும், மூடிவிடலாம்" என்றார் எம்முள் ஒருவர். எமக்கும் அச்சொல் இனித்தது. ஆசிரியரோ, தரையைப் பெருக்கிப் பார்க்கப் பணித்தார். பெருக்கினோம், கிடைத்திலது. பின்னர் விளக்கைக் கொண்டு நோக்க, மூன்றாம் துளையில், மூடிய வால்வின் முதுகின்மேல் அது கிடந்தது. அத்துளையின் துணியை யாமே முற்பட எடுத்துவிட்டிருந்தோம். காந்தக் கோலால் வாஷரை எடுத்தோம். அஃது இரும்பாயிருந்தது எமது நற்காலம். பித்தளையாயின் காந்தம் பற்றாது. எஞ்சினைச் சுழற்றியிருப்போமாயின் வால்வு திறந்து, அது உள்ளே சென்றிருக்கும்.

உடையவர் ஒரு நாழிகை தாழ்த்தே வண்டியைப் பெற்றார். தாழ்த்ததன் காரணத்தை ஆசிரியர் ஒளியாது அவரிடம் உரைத்தார். "தெரியவில்லை" என்னும் நிலையில் மூடுதல் கூடாது என்பதே அன்று யாம் கற்ற பாடம். மாணவ நண்பர்களே, எண்ணித் திறவுங்கள்; எண்ணி மூடுங்கள்.