பழைய மாருதி 800-இல் நீங்களே கை வைக்கிறீர்களா?

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டியிலும் இப்போது ரப்பர் இறுகியிருக்கும், வயர் உதிரும். சின்ன வேலைகளைத் தாராளமாக நீங்களே செய்யலாம், இவற்றை மனதில் வைத்துக்கொண்டு.

செய்ய வேண்டியவை

• இன்றே போனட்டைத் திறந்து பெட்ரோல் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள்; எம்பிஎஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி என்றால் மெக்கானிக்கிடம் மாற்றச் சொல்லுங்கள். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். கசிவு சூடான இன்ஜின் மேல் விழுந்தால் வண்டியே எரியும்.

• பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பானர் பாடியில் உரசினால் தீப்பொறி பறக்கும்.

• ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் ஆறியபின் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு பெரிது.

• வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்துங்கள்.

• டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும்.

செய்யக்கூடாதவை

• ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பழைய வண்டியில் ஜாக்கி முட்டுகிற இடமே துருப்பிடித்திருக்கும். தகரம் உள்வாங்கினால் வெளியே வர நேரம் கிடைக்காது. செங்கல்லும் வேண்டாம், நொறுங்கிவிடும். ஆக்ஸில் ஸ்டாண்ட் இல்லையென்றால் அடியில் வேலையே வேண்டாம்.

• சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். குக்கரைப் போல உள்ளே அழுத்தம் இருக்கும், முகம் வெந்துவிடும்.

• ஃபியூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றாதீர்கள். அடுத்து எரிவது வயரிங்தான்.

• பிரேக் ஆயில் குறைந்தால் இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதி, பிரேக்கே பிடிக்காமல் போகும்.

• எம்பிஎஃப்ஐ வண்டியில் பெட்ரோல் லைனைக் கழற்றாதீர்கள். இன்ஜினை நிறுத்திய பிறகும் அழுத்தத்தோடு கண்ணில் பீய்ச்சும். ஹோஸ் மாற்றுவதையும் மெக்கானிக்கிடமே விடுங்கள்.

• மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

• பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட் மூன்றிலும் வீடியோ பார்த்து இறங்காதீர்கள். அங்கே மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்க வேண்டாம்.