சுவருக்குள் ஒரு கடல்

வரவேற்பறைச் சுவரில் பதிக்கப்பட்ட நீண்ட கண்ணாடித் தொட்டி. அதனுள் நீல ஒளி. பவளங்களுக்கிடையே வளைந்து வளைந்து நீந்தும் கோமாளி மீன்கள். இத்தகைய காட்சியைக் காணும் எவருக்கும், ‘நம் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!’ என்ற ஆசை எழுவது இயல்பு. ஆயினும், கடல்நீர் மீன்தொட்டி அலங்காரப் பொருளன்று. அது உயிர்கள் வாழும் இடம். அதை அமைக்க விரும்புவோர், மீன்களை வாங்கும் முன்பே பலவற்றை அறிந்திருக்க வேண்டும்.

கடல் உயிர்களை வீட்டில் வளர்க்கும் முயற்சி புதியதன்று. 1846ஆம் ஆண்டில் ஆன்னா தின் என்ற பெண்மணி, டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டு வந்தார். அக்காலத்து வீடுகளில் மின்சாரம் இல்லை. ஆகவே, நீரில் காற்றுக் கலப்பதற்காக, திறந்த சன்னலருகே நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றும் வேலை அவருடைய பணிப்பெண்ணின் பொறுப்பாயிற்று. பின்னர், 1961ஆம் ஆண்டில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், நுண்ணுயிரிகள் நிறைந்த ‘உயிருள்ள பாறை’களைத் தொட்டியில் இட்டு நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் முறையைக் கட்டுரையாக எழுதினார். இன்றும் பலர் அம்முறையைத் தழுவியே தொட்டிகளை அமைக்கின்றனர்.

முதலில் கவனிக்க வேண்டியது எடை. 2 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டி 720 லிட்டர் நீரைக் கொள்ளும். கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. எனவே, அந்த நீர் மட்டுமே ஏறத்தாழ 738 கிலோகிராம் இருக்கும். கண்ணாடி, பாறை, மணல், தாங்கி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டிவிடும். அடுக்குமாடி வீட்டின் தளம் இவ்வளவு சுமையைத் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளரே சொல்ல முடியும். சுவரை இடித்த பிறகு அவரை அழைப்பதில் பயனில்லை.

சுவருக்குள் அமையும் தொட்டியின் முன்புறம் ஓவியம்போல் தோன்றினாலும், அதன் பின்புறம் ஒரு சிறு தொழிற்கூடமே ஆகும். பிரதான தொட்டியிலிருந்து வழியும் நீர் கீழே உள்ள வடிகட்டும் தொட்டியை அடைகிறது. அங்கே, நுண்ணிய காற்றுக் குமிழ்களின்மீது கழிவுகள் ஒட்டிக்கொண்டு நுரையாக வெளியேறுகின்றன. தூய்மையான நீரைப் பம்பு மீண்டும் மேலே அனுப்புகிறது. மின்தடை ஏற்பட்டால் பம்பு நின்றுவிடும். மேலுள்ள நீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். அந்த நீரைக் கொள்ளும் அளவுக்குக் கீழ்த்தொட்டியில் எப்போதும் காலியிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், வீட்டினர் உறங்கி எழும்போது தரையெல்லாம் கடல்நீராகக் கிடக்கும். கையை விட்டுத் துடைக்கவும் கருவிகளைக் கழற்றி மாட்டவும் தொட்டியின் மேலும் பின்னும் போதிய இடம் விடுவதும் இன்றியமையாதது.

அடுத்தது நீர். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. ஆகவே, 720 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 25 கிலோகிராம் கடலுப்புக் கலவை தேவைப்படும். சமையல் உப்பு இதற்கு ஏற்றதன்று; பவளங்கள் வளரத் தேவையான கால்சியம், மக்னீசியம் போன்றவை அதில் போதுமான அளவில் இருப்பதில்லை. நாள்தோறும் தொட்டி நீர் சிறிது ஆவியாகும். அப்போது நீர் மட்டுமே வெளியேறுகிறது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே, குறைந்த அளவை ஈடுசெய்ய உப்பில்லாத தூய நீரைத்தான் ஊற்ற வேண்டும். இதை அறியாமல் உப்புநீரையே ஊற்றி வந்தால், உப்புத்தன்மை படிப்படியாக உயர்ந்து மீன்களுக்குத் தீங்கு விளையும். மேலும், சிங்கப்பூர், மலேசியா போன்ற வெப்பமண்டல நாடுகளில் விளக்கின் சூடும் பம்பின் சூடும் சேர்ந்து நீரை வெதுவெதுப்பாக்கிவிடும். பவளத் தொட்டியின் வெப்பநிலையை ஏறத்தாழ 25 டிகிரி செல்சியசில் வைத்திருக்க நீர்க் குளிரூட்டி தேவைப்படுகிறது.

தொட்டி தயாரானதும் மீன்களை விட்டுவிடலாம் என்று எண்ணுவதே பலர் செய்யும் பெருந்தவறு. மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நச்சே. மற்றொரு வகை நுண்ணுயிரிகள் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிரிகள் பாறையிலும் மணலிலும் போதிய அளவு பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டி வெறுமையாகவே தோன்றும். அந்த வெறுமையைப் பொறுக்காமல் மீன்களை விடுபவர்கள், சில நாள்களிலேயே அவற்றை இழக்க நேரிடும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் முதலில் குடியேறினால்தான் கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் பிழைக்கும்.

இறுதியாக, எந்த மீனை வாங்குவது என்பதும் சிந்திக்க வேண்டிய ஒன்று. இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட பங்காய் கார்டினல் மீன், வெள்ளி நிற உடலும் கருங்கோடுகளும் கொண்ட அழகிய மீன். அந்த அழகே அதற்கு ஆபத்தாக முடிந்தது. வீட்டுத் தொட்டிகளுக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால் அதன் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. 2007ஆம் ஆண்டில், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. தென்கிழக்காசியக் கடல்களின் சில இடங்களில், மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைடு நஞ்சு பயன்படுத்தப்பட்டதும் உண்டு. அந்த நஞ்சு பவளங்களையும் கொன்றுவிடுகிறது. நல்லவேளையாக, பங்காய் கார்டினல் மீனையும் கோமாளி மீனையும் இன்று பண்ணைகளிலேயே இனப்பெருக்கம் செய்ய முடிகிறது. பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குபவர், கடலில் உள்ள ஒரு மீனை அதன் இடத்திலேயே வாழவிடுகிறார்.

ஆன்னா தின்னின் வீட்டில் ஒரு பணிப்பெண்ணின் கைகள் செய்த வேலையை இன்று பம்பு செய்கிறது. ஆனால், நீரைச் சோதிப்பதும், உணவை அளந்து இடுவதும், நீர்மட்டத்தைக் கவனிப்பதும் இன்றும் மனிதரின் பொறுப்புகளே. விடுமுறைக்கு வெளியூர் செல்லும்போதுகூட அப்பொறுப்புகளை யாரேனும் ஏற்றாக வேண்டும். பல ஆண்டுகள் இதைச் செய்ய முடியுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, ‘முடியும்’ என உறுதியாகச் சொல்லக்கூடியவரே தம் வீட்டுச் சுவருக்குள் ஒரு கடலை அமைக்கத் தகுதியானவர்.