ஓட ஓட உடல் பழகும்

சிவநாத் சிங் பீகார்காரர். ராணுவ வீரர். 1978ஆம் ஆண்டு ஜலந்தரில் மாரத்தான் ஓடினார். 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரம். 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

எப்படி முடிந்தது? பல ஆண்டுப் பயிற்சி. பயிற்சி செய்தால் உடல் மெல்ல மெல்ல மாறும்.

இதயம்: பலம் பெறும். ஒரு துடிப்பில் அதிக ரத்தம் அனுப்பும். ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 தடவை துடிப்பது வழக்கம். நல்ல ஓட்டக்காரருக்கு 40 கூட இருக்கும்.

தசை: சிறு ரத்தக் குழாய்கள் பெருகும். பிராணவாயு நிறையக் கிடைக்கும். சீக்கிரம் களைக்காது.

தோல்: விரைவில் வியர்க்கும். உடல் சூடு தணியும்.

எலும்பு: மெதுவாகத்தான் பழகும். இதயம் முந்தும், எலும்பு பிந்தும். அவசரப்பட்டால் எலும்பில் விரிசல் விழும். ஆகவே சில நாள் ஓடுங்கள். சில நாள் சைக்கிள் ஓட்டுங்கள், அல்லது நீந்துங்கள். இதயத்திற்கு வேலை உண்டு. காலுக்கு அதிர்ச்சி குறைவு.

நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். மருத்துவரிடம் போங்கள்.

பயிற்சி

1. எது மெதுவாகப் பழகும்?
2. காலையில் எழுந்ததும் நாடியை 1 நிமிடம் எண்ணுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். 2 மாதம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.