மூன்று தலைமுறையோடு அலாஸ்கா பனியாறு பார்க்க…

குடும்பமே திரண்டு போவதென்றால் கப்பலின் பகட்டை விட அது போகும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'கிளேசியர் பே' தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு 2 பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு மேல் அனுமதி கிடையாது. பயணத் திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பருவம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான். அடுத்தடுத்த அறைகள் வேண்டுமானால் ஓராண்டு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

அந்தப் பூங்காவிலுள்ள மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் மெல்லத் திரும்பி, இரு பக்கத்தாருக்கும் காட்சி தரும். அதனால் எல்லோருக்கும் பால்கனி அறை தேவையில்லை. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு மட்டும், லிஃப்ட் பக்கமாக எடுங்கள். பனிப்பாளம் இடிந்து கடலில் விழுவதை அவர்கள் போர்வை போர்த்தி உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பூங்கா ரேஞ்சர்கள் கப்பலுக்கே வந்து விளக்கம் சொல்வார்கள். பிள்ளைகள் அதைத் தவறவிடக் கூடாது.

கைக்குழந்தையை ஏற்றப் பல கப்பல் நிறுவனங்களில் அதற்கு 6 மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும்.

சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்கினாலும், வழியில் விக்டோரியா போன்ற கனடியத் துறைமுகம் வரும். ஊரிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் அப்பா அம்மாவுக்குப் பலமுறை நுழையும் அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.