கண்ணுக்குத் தெரியாத விளக்கு செய்ய வரும் பிள்ளைகளுக்கு

பேராவில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களில் எலித் தொல்லை பெரிது. அதை அடக்கக் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றும் வழக்கம் 1980களிலிருந்து பரவியது. இரவில் அந்தப் பெட்டியில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஈப்போ, பத்து காஜா பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். வெள்ளை டார்ச் அடித்தால் கூகை கலைந்துவிடும். அகச்சிவப்பு விளக்குதான் வேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம். சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள்.

1. இழை உள்ள பல்பை எடுங்கள். வெள்ளை எல்.இ.டி. டார்ச்சில் அகச்சிவப்பு அநேகமாக இல்லை; எத்தனை வடிகட்டி போட்டாலும் இருட்டே மிஞ்சும். டங்ஸ்டன் இழை எரியும்போது கண்ணுக்குத் தெரிவது சுமார் பத்தில் ஒரு பங்கு; மிச்சத்தில் பெரும்பகுதி அகச்சிவப்பு. பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட், 35 வாட் ஹாலோஜன் முன்விளக்கு போதும். கடைகளின் கூரையில் பதிக்கும் சின்ன ஹாலோஜன் விளக்கு வேண்டாம். அதன் பளபளக்கும் கிண்ணம் வெளிச்சத்தை முன்னால் அனுப்பி, நமக்கு வேண்டிய அகச்சிவப்பைப் பின்பக்கமாக விட்டுவிடும்.

2. மேடை விளக்குக்குப் போடும் வண்ணத் தாள்களில் காங்கோ நீலம் ஒன்று, அடர் சிவப்பு ஒன்று வாங்கிச் சேர்த்து வையுங்கள். நீலம் விடுவதைச் சிவப்பு தடுக்கும், சிவப்பு விடுவதை நீலம் தடுக்கும். சுமார் 700 நானோமீட்டருக்கு மேலே உள்ளதை இரண்டுமே விட்டுவிடும். சின்ன வேலைக்கு, வெளிச்சம் பட்டுக் கழுவிய கலர் நெகட்டிவின் கறுத்த முனையும் ஆகும். கறுப்பு வெள்ளை பிலிம் ஆகாது. அதில் உள்ள வெள்ளித் துகள் அகச்சிவப்பையும் மறைத்துவிடும்.

3. சூட்டை மதியுங்கள். தாள் கண்ணாடியைத் தொட்டால் சில நிமிடத்தில் சுருங்கி உருகும். பெரிய பிஸ்கட் டின்னுக்குள் விளக்கைப் பொருத்தி, தாளை ஒரு சாண் தள்ளி டின்னின் வாயில் கட்டுங்கள். பின்பக்கம் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, அதற்கு வெளியே வளைந்த தகடு வையுங்கள். இல்லையென்றால் அந்த ஓட்டை வழியாகவே வெள்ளை வெளிச்சம் கசியும். இணைப்புகளில் அலுமினிய டேப் ஒட்டுங்கள், சாதாரண டேப் இளகிவிடும். பேட்டரிக் கம்பியில் பியூஸ் கட்டாயம். இந்த விளக்கு 3 ஆம்பியர் இழுக்கும். மோட்டார் சைக்கிள் பேட்டரியை ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

4. இந்த ஒளியைக் காமிரா வழியாகத்தான் பார்க்க முடியும்; காமிராவை முதலில் சோதியுங்கள். டிவி ரிமோட்டை அழுத்தி அதன் முனையைக் கைபேசியில் பாருங்கள். பின் காமிராவில் வெளிச்சம் தெரியாவிட்டால் முன் காமிராவில் பாருங்கள். பழைய வெப்காம் என்றால் லென்சுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிடலாம். விளக்கைச் சோதிக்க உள்ளங்கை போதும், வெதுவெதுப்பு படும். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் இந்த ஒளியைக் கண்டுபிடித்ததே, சிவப்புக்கு அப்பால் வைத்த வெப்பமானி ஏறியதைப் பார்த்துத்தான்.

5. இதை மட்டும் மறக்காதீர்கள். தெரியாத வெளிச்சம் கண்ணைச் சுடாது என்று நினைக்கக் கூடாது. வெளிச்சம் தெரியாததால் கண்மணி சுருங்காது, இமையும் மூடாது. முழுச் சூடும் உள்ளே போகும். எரியும் விளக்குக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். இந்தத் தாள் வழியாகவோ கறுத்த நெகட்டிவ் வழியாகவோ சூரியனைப் பார்க்கவே கூடாது. 2019 டிசம்பர் 26-இல் மலேசியாவில் தெரிந்ததைப் போன்ற கிரகணத்திலும் கூடாது.

6. இது விளையாட்டுச் சாமான் இல்லை, காட்டு ஆய்வுக்கும் அகச்சிவப்பு உதவியிருக்கிறது. நம் தீபகற்பத்துச் சிறுத்தைகள் அநேகமாக எல்லாமே கறுப்பு. சாதாரணப் படத்தில் புள்ளி தெரியாததால் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. திரங்கானுவின் கென்யிர் காட்டில் ஆய்வாளர்கள் காமிராவின் ஒளி உணரியை மறைத்து, பகலிலும் அகச்சிவப்பு பிளாஷ் அடிக்க வைத்தார்கள். புள்ளிகள் தெரிந்தன, சிறுத்தைகளை எண்ண முடிந்தது. 2015-இல் அந்த ஆய்வு வெளியானது.

7. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்காமல் இரவில் நுழையாதீர்கள். முட்டை இருக்கும்போது கம்பத்தில் ஏறாதீர்கள். கூகை எத்தனை மணிக்கு வந்தது, எதைக் கொண்டு வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். அதில் ஒரு நகலைத் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். எலி மருந்து வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.