நெற்றித் திருநீறும் நெஞ்சின் உறுதியும்

எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருளினால் எமது ஆலயத்தின் ஆண்டு மலர் இம்முறையும் சிறப்புற மலர்கின்றது. இம்மலரின் வாயிலாக அடியார்களோடு சேர்ந்து சிந்திக்க நான் எடுத்துக்கொண்ட பொருள், ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தில் அச்சமின்றி நிற்கும் உரிமையாகும்.

இதை எழுதத் தூண்டிய சம்பவம் சிறியது. எமது ஊர்ப் பிள்ளை ஒருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் நாள், "நாளையிலிருந்து திருநீறு பூசாமல் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். அவள் கண் கலங்கி வந்து, "சேர், நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "பிழைப்புத்தான் முக்கியம் பிள்ளை, அழித்துவிட்டுப் போ" என்றார். இன்னொருவர், "நாங்கள் பத்துப் பேர் வருகிறோம், கேட்டுவிடுவோம்" என்றார். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அவ்வழியில் எம் முன்னோர் நடந்து காட்டியுள்ளனர்.

அஞ்சாத அப்பரடிகள்

பெரியபுராணம் கூறும் திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றை அறியாத அடியார் இல்லை. பல்லவ மன்னனின் ஆணைக்கு அவர் பணியவில்லை. சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள், நஞ்சு கலந்த பாற்சோற்றை ஊட்டினார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு பிணைத்துக் கடலில் வீசினார்கள். எதற்கும் அவர் கலங்கவில்லை. எவர் மீதும் கையோங்கவுமில்லை. அவரிடம் இருந்த படை, பாட்டும் பக்தியுமே. இறுதியில் மனம் மாறியவன் மன்னன்தான்.

மறைந்து வழிபட்ட காலம்

எமது ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மன்னார் மாந்தையில் உள்ள திருக்கேதீச்சரத்தின் தீர்த்தத்துக்கும் பாலாவி என்றே பெயர். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய அத்தலம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. எமக்கு அண்மையில் சிலாபத்திலுள்ள முன்னேஸ்வரமும் 1578ஆம் ஆண்டு அவர்களால் இடிக்கப்பட்டது.

அடுத்து வந்த ஒல்லாந்தர் காலத்தில் பிறப்பும் திருமணமும் அவர்களுடைய கோயிலிலேயே பதிவு பெற வேண்டியிருந்தது. ஞானஸ்நானம் பெறாதவருக்குச் சொத்துரிமையிலும் சிக்கல் வந்தது. ஆகவே வெளியே ஒரு பெயரும் வீட்டுக்குள்ளே சிவநாமமுமாகப் பலர் வாழ்ந்தனர். விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்த கதையை யாழ்ப்பாணத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

துன்பப்பட்டவர் சைவர் மட்டுமல்லர். கத்தோலிக்கரையும் ஒல்லாந்தர் தடை செய்தனர். கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் மறைந்து திரிந்தே தம் மக்களுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார். எமது புத்தளப் பகுதியிலும் அவர் பணி நிகழ்ந்தது. 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

முன்னேஸ்வரத்தை 1753இல் மீளப் புதுப்பித்துக் கொடுத்தவர் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அதே ஆண்டில்தான் அவர் சீயம் தேசத்துப் பிக்குகளைக் கொண்டு பௌத்த உபசம்பதாவையும் இலங்கையில் மீண்டும் நிலைநாட்டினார். தம் சமயத்தில் உறுதியாக நின்ற மன்னரே பிறர் ஆலயத்தையும் எழுப்பினார் என்பது நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

நாவலர் காட்டிய நெறி

நல்லூரில் 1822இல் அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். அந்நூலை நன்கு அறிந்த பின்னரே அவர் தம் சமயத்துக்காகப் பேச எழுந்தார். 1847 டிசெம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கம் செய்தார். மறு ஆண்டே வேலையைத் துறந்து சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சியந்திரம் நிறுவிப் பாலபாடமும் சைவ வினாவிடையும் வெளியிட்டார். 1872இல் எழுதிய 'யாழ்ப்பாணச் சமயநிலை'யில், அழிந்து கிடந்த திருக்கேதீச்சரத்தை எழுப்புமாறு சைவ மக்களை வேண்டினார்.

பள்ளிக்கூடம், புத்தகம், பிரசங்கம் ஆகிய மூன்றுமே அவர் கைக்கொண்ட கருவிகள். அவர் பிறர் சமயத்தைக் கண்டித்து எழுதியதும் உண்டு. ஆயினும் இன்றுவரை நிலைத்து நிற்பது, சைவப் பிள்ளை தன் சமயத்தைக் கற்க அவர் அமைத்த வழியே.

இன்று நமக்குள்ள உரிமை

இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது. அத்துடன் ஏனைய சமயத்தவரின் உரிமைகளையும் உறுதி செய்கிறது. 10ஆம் உறுப்புரை, தான் விரும்பும் சமயத்தை உடையவராயிருக்கவும் மேற்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது. 14(1)(உ) உறுப்புரை, தனித்தோ கூடியோ வழிபடவும் அனுட்டிக்கவும் கற்பிக்கவும் உரிமை தருகிறது. அரச நிருவாகத்தால் இவ்வுரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம்.

சட்டம் இருந்தும் சோதனைகள் நீங்கவில்லை. வவுனியா வடக்கு, வெடுக்குநாறி மலையில் ஆதிலிங்கேஸ்வரரின் விக்கிரகங்கள் 2023 மார்ச்சில் உடைக்கப்பட்டன. 2024 மார்ச் 8ஆந் திகதி, சிவராத்திரி இரவில், அங்கு வழிபட்ட எட்டுப் பேரைப் பொலிஸார் கைது செய்தனர். அவர்களுள் பூசகரும் ஒருவர். அடியார்கள் கல்லெடுக்கவில்லை; சட்டத்தரணிகளை நாடினார்கள். மார்ச் 19இல் வவுனியா நீதிமன்றம் எண்மரையும் விடுவித்து வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதினொரு நாள் சிறையிருந்தவர்களின் பொறுமையும் ஒருவகைத் தவமே.

நம்மை நாமே கேட்போம்

உரிமை கேட்பவர் இரண்டு வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும்.

முதலாவது, எமக்கு வேண்டியதைப் பிறருக்கும் கொடுக்கிறோமா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், உடுத்த துணியோடு எமது புத்தள மண்ணுக்கு வந்து முகாம்களில் வாழ்ந்தனர். தமிழர் பெயரால் நடந்த அந்த அநீதியை மறந்துவிட்டு எமக்கு மட்டும் நீதி கேட்பது முறையாகாது. தேரோடும் வீதி எமக்கு எப்படியோ, பள்ளிவாசலின் பாங்கொலியும் தலவில அன்னம்மாள் திருவிழாவும் அயலவருக்கு அப்படியே.

இரண்டாவது, எம் சமயத்தை விட்டுச் சிலர் போவது ஏன்? உதவிப் பொருளைக் காட்டி ஆள் சேர்ப்பது பிழைதான். ஆனால் நோயில் கிடந்த வீட்டுக்கு முதலில் போனது யார்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டுத் தாழ்த்தப்பட்ட மக்கள் அறப்போர் செய்ய வேண்டியிருந்தது. ஆலயங்களில் அவ்வாறு தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தும் கதவு அடைபட்டே இருந்தது. சொந்தச் சைவனை வெளியே நிறுத்திய நாம், அவன் வேறு வாசல் தேடினால் அவனை நோவதில் பயன் இல்லை. அப்பரடிகளும் ஒருகாலத்தில் தருமசேனராகச் சமண சமயத்தில் இருந்தவரே. தமக்கையார் திலகவதியார் அவரைக் கட்டி இழுத்து வரவில்லை. இறைவனை வேண்டினார், வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார், திருநீறு கொடுத்து ஏற்றுக்கொண்டார். மனத்தால் வந்தவரே நிலைத்தார்.

முடிவாக

அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது இதுதான்: "திருநீற்றை அழிக்காதே, குரலையும் உயர்த்தாதே. இது அலங்காரம் அல்ல, என் சமய அனுட்டானம் என்று பணிவாகச் சொல். அப்படி ஒரு விதி இருந்தால் எழுத்தில் தரும்படி கேள்." அவள் மறுநாள் அப்படியே கேட்டாள். எழுத்தில் எவரும் எதுவும் கொடுக்கவில்லை. கூட வேலை செய்யும் முஸ்லிம் சகோதரி ஒருவர், "என் முக்காட்டுக்கு இடமிருந்தால் அவளின் திருநீற்றுக்கும் இடமிருக்கட்டுமே" என்றாராம். பிள்ளை இன்றும் திருநீற்றுடனேயே வேலைக்குப் போய் வருகிறாள்.

ஆனால் ஒன்று கேட்டு வைத்தாள்: "திருநீறு ஏன் பூசுகிறோம் என்று அங்கே கேட்டார்கள் சேர், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை." அக்குறை அவளுடையது அல்ல, எம்முடையது. எல்லாம் ஒருநாள் சாம்பலாகும், சிவம் ஒன்றே நிலைக்கும் என்ற எளிய உண்மையைக்கூட நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனவே ஞாயிறு தோறும் அறநெறிப் பாடசாலைக்குப் பிள்ளைகளைத் தவறாது அனுப்புவோம்; நாமும் அருகிருந்து கற்போம். தெரிந்து பூசிய திருநீற்றை எவராலும் அழிக்க முடியாது.

எல்லோரும் தத்தம் நெறியில் அச்சமின்றி நின்று, ஒருவரையொருவர் மதித்து வாழ எம்பெருமானின் திருவடிகளை வேண்டி அமைகின்றேன்.

சுபம்.